ஏழடிக்கு ஓரடி

‘வழவழப்பான சாய்தளம். உராய்வைப் புறக்கணிக்கவும்.’
பத்தாம் கணக்கு இப்படித்தான் தொடங்குகிறது.
மேலவெளி வீதியில்
அப்படியொரு தளத்தை நான் மிதித்ததில்லை.

எங்கள் டூவீலர் ஸ்டாண்டில்
மாடிக்குப் போகிற சரிவு
கொத்தனார் கோடு கோடாகக் கீறிவிட்ட சிமிண்ட்.
டேப் வைத்து அளந்தேன்.
ஏழடி நடந்தால் ஓரடி ஏறுகிறது.
சைன் தீட்டா ஏழில் ஒன்று,
கால்குலேட்டர்கூட வேண்டாம்.

பைக் நூற்று நாற்பது கிலோ.
g பத்து என்று வைத்துக்கொண்டால்
இருநூறு நியூட்டன்.
அதாவது
இருபது கிலோ அரிசிச் சிப்பத்தைத்
தூக்கிப் பிடிக்கிற பாடு.
ஒரு ராத்திரிக்கு அறுபது சிப்பம்.
இந்த இடுப்பு வலியை இதுவரை யாரும்
நிறுத்துச் சொன்னதில்லை எனக்கு.

டோக்கன் கட்டின் பின்பக்கத்தில்
அம்புக்குறி போட்டுப் பழகுகிறேன்.
புதன்கிழமை அரியர். மூன்றாவது தடவை.
போன தடவை
உராய்வு என்றாலே எதிர்ப்பு என்று
எல்லாப் படத்திலும் பின்னோக்கியே கோடு இழுத்தேன்.
பணம் கட்டி நகல் வாங்கிப் பார்த்தால்
ஒன்றே ஒன்றைச் சிவப்பில் சுழித்திருந்தார்கள்:
நடக்கும் மனிதன்.
ஏன் என்று எழுதவில்லை.

சென்னை வண்டிக்கு ஏழு நிமிடம் இருக்கையில்
ஒருவர் வந்தார்.
பெட்டி, மனைவி, ஹெல்மெட்டுக்குள் வியர்வை.
பின்சக்கரத்தில் சங்கிலி கோத்துப் பூட்டி
வாசலிலேயே நிறுத்திவிட்டுச்
சாவியோடு ஓடிவிட்டார்.

இனி அது உருளாது, இழுபடும்.
பின்சக்கரத்தின் மேல் பாதி எடை, எழுநூறு.
ரப்பருக்கும் சிமிண்டுக்கும் புள்ளி ஆறு என்கிறது அட்டவணை.
நானூற்று இருபது.
சரிவின் இருநூறும் சேர்த்தால்
அறுநூற்று இருபது.
(கொசைனை ஒன்று என்றே எடுத்துக்கொண்டேன்,
ராத்திரி பத்து மணிக்கு அது போதும்.)
என் எடையே நானூற்று எண்பதுதான்.

“நகரு ஒச்சு, இது பொம்பள தள்ற வண்டியா?”
மொக்கராசு தோளைக் கொடுத்தான்.
வண்டி அவனைப் பார்த்தது.
நிலை உராய்வு அப்படித்தான்.
பத்து கொடுத்தால் பத்து திருப்பும்,
முந்நூறு கொடுத்தால் முந்நூறு.
எங்கள் முதலாளி மாதிரி
குறைத்துத் தராது.

பிறகு இரண்டு பேரும் முட்டினோம்.
என் கால் வழுக்கியது.
செருப்பின் அடி தேய்ந்து தேய்ந்து
கண்ணாடியாகியிருந்தது.
பத்தாம் கணக்கின் தளம்
இத்தனை நாள் என் காலோடுதான் வந்திருக்கிறது.

கழற்றி எறிந்தேன்.
கீறல் சிமிண்ட் உள்ளங்காலைக் கடித்தது,
கடித்துப் பிடித்து என்னை
மேலே தள்ளியது.
மேலே!
பின்னால் உதைக்கிறவளை
முன்னால் அனுப்புகிற கோடு அது.
வலியிலேயே அம்பு எந்தப் பக்கம் என்று
தெரிந்துவிட்டது.
வண்டி ஒரு முழம் ஏறியது.
இன்னொரு முழம்.

அவன் விசையும் என் விசையும் சேர்ந்து
அறுநூற்று இருபது.
சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு.
யார் எவ்வளவு தள்ளினோம் என்பதற்கு
எந்தக் கொம்பனாலும் விடை எழுத முடியாது.
சனிக்கிழமைக் கவரில் மட்டும்
விடை மடித்து வைத்திருக்கிறது.
நாளொன்றுக்கு
அவனுக்கு ஐந்நூறு,
எனக்கு முந்நூற்று நாற்பது.

புதன்கிழமை பரீட்சை எழுதிவிட்டு வந்தேன்,
விரலில் இன்னும் மை.
சங்கிலிக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
“பூட்டித்தானே போனேன்,
எப்படிம்மா மேல ஏத்துனீங்க?”
“g பத்துன்னு வச்சுக்கிட்டோம் சார்.”

அவர் கொஞ்சம் யோசித்தார்.
பிறகு பர்ஸைத் திறந்து
வாடகைக்கு மேல்
ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.